இடது கைக்கு மட்டும் அனுமதி

"இடது கையாலயா? எனக்கா? அடியே ரொத்திமி அம்மா, மூளை கீளை கலங்கிப் போச்சா உனக்கு?"

"அல்ஹாஜா, சத்தம் போடாதீங்க, நான் சொல்றத ஒரு நிமிஷம்..."

"மெக்கா போய்ட்டு வந்தவளுக்கு இடது கையால கொசுறு போடுறா! வாங்க, எல்லாரும் வந்து பாருங்க இந்தக் கூத்தை!"

"வளையம் இந்தக் கையிலதான் இருக்கு அல்ஹாஜா! வலது கைக்குத் தரமாட்டேன்னுட்டாங்க! நான் என்ன பண்ணட்டும்?"

"உன் கைய உனக்குத் தரமாட்டேன்னு சொல்ல அவன் யாரு? அவனா பெத்தான்?"

லாகோஸ் நகரத்துப் பாலத்தடிச் சந்தையில், காரி விற்கிறவர்களின் வரிசை முழுக்க எழுந்து நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே பாலத்தில் லாரிகள் ஓடுகிற சத்தத்தையும் மீறி அல்ஹாஜா சிதிக்கத்தின் குரல் போய்க்கொண்டிருந்தது. குவியலுக்கு அந்தப் பக்கம் செகிலோலா நின்றாள். மூத்த மகன் பேரைச் சொல்லி எல்லோரும் அவளை ரொத்திமி அம்மா என்பார்கள். இடது மணிக்கட்டில் பச்சை வளையம், வலது மணிக்கட்டில் சிவப்பு வளையம். இரண்டையும் தூக்கிக் காட்டிக்கொண்டு, கல்யாணப் பெண்ணும் இல்லாமல் கைதியும் இல்லாமல் அவள் நின்ற கோலம் பார்க்கச் சகிக்கவில்லை.

மரவள்ளிக்கிழங்கைத் துருவிப் புளிக்க வைத்து வறுத்த காரி, அவள் கடையில் வெள்ளையில் ஒரு மலை, மஞ்சளில் ஒரு மலை என்று எப்போதும் நிற்கும். கிண்ணத்தில் கூம்பாகக் குவிப்பாள். இனி ஒரு பருக்கை நிற்காது என்னும்வரை குவித்துப் பையில் கவிழ்ப்பாள். அதன் பிறகு வலது கையால் ஒரு கை அள்ளிப் போடுவாள். கிண்ணத்தில் வருவது காசுக்கு. அந்தக் கடைசிக் கை ஆளுக்கு.

பேருந்து நிலையத்தின் பின்னால் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் அல்ஹாஜா, செகிலோலா கடை போட்ட நாளிலிருந்து வாடிக்கை. தினம் காலையில் வருவாள். "மண்ணு" என்பாள், "புளிப்பு போதல" என்பாள், "எலி நடந்த காரி" என்பாள். சொன்ன விலையில் பாதியைக் கேட்பாள், கோபித்துக்கொண்டு மிளகாய்க் கடைவரை போவாள், கூப்பிட்டால் திரும்புவாள். கொசுறு விழுந்ததும், "இது கையா, கோழிக் காலா? இன்னொண்ணு போடு" என்பாள். அந்தச் சண்டை முடிந்தால்தான் இருவருக்கும் பொழுது விடிந்ததாக அர்த்தம்.

இன்றைக்கு அல்ஹாஜா பைக்குள் கையை விட்டு, இடது கையால் விழுந்த காரியை மட்டும் எப்படியோ தனியாகப் பிரித்துவிட்டவளைப் போல அள்ளி எடுத்தாள். குவியல்மேல் வீசினாள்.

"இதை உன் வளையக்காரனுக்கே கிண்டிப் போடு. நாளைக்கு வருவேன். அப்ப வலது கை எங்க போச்சுன்னு பாக்குறேன்."

அவள் போவதைச் செகிலோலா பார்க்கவில்லை. எதிர்க்கடையில் செருப்பு வாங்கிக்கொண்டிருந்த ஓர் ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பேரம் பேசவில்லை.

வளையம் வந்த கதை இப்படித்தான்.

போன மழைக்காலம் முடிந்த கையோடு, மாநிலக் கொசுறு ஒழுங்குமுறை ஆணையம் என்று ஒன்று பிறந்தது. ஆணையத்தார் சந்தைக்கு வருகிறார்கள் என்றதும் சிலர் பயந்தது உண்மை. கிண்ணத்தின் அடியைச் சுத்தியலால் உள்பக்கமாகத் தட்டி, பார்வைக்கு முழுசாகவும் கொள்ளளவில் குறைச்சலாகவும் செய்கிற கலை அங்கே சிலருக்குக் கைவந்தது. அவர்கள் கிண்ணங்களை ஒளிக்க ஓடினார்கள். வீண் ஓட்டம். ஆணையத்தார் ஒரு கிண்ணத்தைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. "கிண்ணம் எங்களோடது இல்ல. அது வேற துறை. எங்களுக்குக் கொசுறு மட்டும்தான்" என்றார்கள்.

பந்தல் போட்டார்கள். மேளக்காரர்கள் வந்தார்கள். ஆணையத்தின் தலைவர் டாக்டர் அடெகொக்கே, மொடமொடவென்று ஒலிக்கும் கஞ்சி போட்ட மேலங்கியைத் தோளில் ஏற்றி ஏற்றி விட்டுக்கொண்டு ஒலிபெருக்கி முன்னால் நின்றார்.

"அன்புள்ள சந்தைத் தாய்மார்களே! இந்த நகரத்துல தினமும் எத்தனை கை கொசுறு போகுதுன்னு யாருக்காவது தெரியுமா? தெரியாது! அரசாங்கத்துக்கே தெரியாது! நீங்க பாட்டுக்குக் குடுக்கிறீங்க, அவங்க பாட்டுக்கு வாங்கிக்கிறாங்க. நடுவுல நாங்க இல்ல! இது எனக்கு எவ்வளவு வேதனையா இருக்கு தெரியுமா? நான் வெளிநாட்டுல கொசுறைப் பத்தி ஆராய்ச்சி பண்ணினவன். அந்த நாட்டுல கொசுறே கிடையாது. விக்கிறவங்க பேர் வாங்கிறவங்களுக்குத் தெரியாது. வாங்கிறவங்க செத்தாலும் விக்கிறவங்களுக்குத் தெரியாது. அப்படி ஒரு ஒழுக்கம்! நாங்க கொசுறை நிறுத்தச் சொல்லல. கொடுங்க. தாராளமா, ஒரே அளவா கொடுங்க. என் மனைவி இந்தச் சந்தைக்கு வந்தா எல்லாரும் ரெண்டு மடங்கு போடுறீங்க. ஏன்னு நான் இன்னிக்கு வரைக்கும் கேட்டதில்ல. கேட்காம இருக்கிறதுதான் என் நேர்மை!"

முன்வரிசையில் அதிகாரிகள் கைதட்டினார்கள். பின்வரிசையில் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

பந்தலின் ஓரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. பெட்டியில் இரண்டு சிவப்புக் கோடுகள். அள்ளிப் போட்டால் காரி அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் நிற்க வேண்டும். நின்றால் அந்தக் கைக்குப் பச்சை வளையம். சந்தைத் தலைவியின் கையை மட்டும் பெட்டிக்குக் கொண்டுபோகவில்லை. தலைமைக் கையை அளப்பது மரியாதையில்லை என்று இருந்த இடத்திலேயே இரண்டு கைக்கும் பச்சையாக மாட்டிவிட்டார்கள்.

செகிலோலா வலது கையால் அள்ளிப் போட்டாள். காரி மேல்கோட்டைத் தாண்டி நின்றது. கண்ணாடி போட்ட அதிகாரி குனிந்து பார்த்து உச்சுக்கொட்டினார்.

"அம்மா, உங்க வலது கை தப்பு."

"தப்பா? அது என்ன சார் பண்ணுச்சு?"

"அதிகமா அள்ளுது."

"அப்ப கொஞ்சம் குறைச்சு அள்ளட்டுமா?"

"அது ஏமாத்து வேலை. இயற்கையா அள்ளணும்."

"இயற்கையாத்தான் சார் அள்ளினேன்."

"அதைத்தான் தப்புன்னு சொல்றேன். தாராளக் கோளாறு. பிறவியிலயே இருக்கும், மருந்து கிடையாது. எங்க, இடது கையப் போடுங்க."

இடது கைக்குப் பழக்கமில்லை. கூச்சத்தோடு கொஞ்சமாக அள்ளியது. கோடுகளுக்கு நடுவில், அளந்து வைத்தது போல நின்றது. அதிகாரி எழுந்து நின்றே கைதட்டினார்.

"சார், இடது கையால இங்க யாரும் யாருக்கும் ஒண்ணும் குடுக்கிறதில்ல. அடிச்சா மாதிரி ஆயிடும். உங்க வீட்டுலயும் அப்படித்தானே?"

"வீட்டுல அப்படித்தான். ஆனா பெட்டி வெளிநாட்டுல இருந்து வந்தது. அதுக்கு நம்ம வளர்ப்பு கிடையாதும்மா."

பச்சை இடதில் ஏறியது, சிவப்பு வலதில் ஏறியது. சிவப்புக் கையால் ஒரு பருக்கை கொடுத்தாலும் கடைக்குச் சங்கிலி என்று சொல்லி அனுப்பினார்கள். பாலத்தடியில் ஒரு கடை போய்விட்டால் இன்னொன்று கிடைக்காது. இடத்துக்குக் காத்திருப்பவர்கள் அந்தத் தூண்களைவிட அதிகம். செகிலோலாவுக்கு இருந்தது அந்தக் கடை ஒன்றுதான்.

இடது கையால் கொடுத்தால் வாடிக்கை போகும், வலது கையால் கொடுத்தால் கடை போகும். யோசித்துப் பார்த்தாள். அந்தச் சண்டைக்கு மறுநாள் அல்ஹாஜா வந்தபோது தலைத்துணியை அவிழ்த்துப் பையின் வாய்மேல் போர்த்தினாள். அதற்கு அடியில் வலது கையை நுழைத்து அள்ளிப் போட்டாள்.

"என்னடி இது? காரி விக்கிறியா, கள்ளச்சாராயம் விக்கிறியா?"

"மெதுவா அல்ஹாஜா."

"துணிக்குள்ள எவ்வளவு போட்டேன்னு எனக்கு எப்படித் தெரியும்? திற. இன்னொரு கை போடு."

துணிக்குள் இன்னொரு கை விழுந்தது. அல்ஹாஜா திருப்தியாகத் திட்டிக்கொண்டே போனாள். மற்றவர்களுக்குப் பச்சைக் கைதான். அவர்களில் பாதிப்பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை.

பிறகு வேடம் போட்டவர்கள் வரத் தொடங்கினார்கள். ஆணையம் தன் ஆட்களை வாடிக்கையாளர்களைப் போல உடுத்தி அனுப்பியது. முதலில் வந்தவன் பழைய பனியன் போட்டிருந்தான். ரப்பர் செருப்பு மட்டும் புத்தம் புதுசு.

"ஒரு கிண்ணம் என்ன விலை?"

செகிலோலா முறைப்படி, வரவேண்டியதைப் போல இரண்டு மடங்கு சொன்னாள்.

"சரி" என்றான்.

"சரியா?"

"சரிதான். போடுங்க."

அந்தச் சந்தையில் முதல் விலைக்கு ஒருவர் 'சரி' சொல்லி, உயிரோடு இருக்கிறவர்கள் யாரும் கேட்டதில்லை. அந்த ஒரு வார்த்தை, தீப்பிடித்த செய்தியைப் போல வரிசை நெடுக ஓடியது. காரிக்காரிகள், மிளகாய்க்காரிகள், உலர்மீன்காரிகள் எல்லோரும் சொல்லிவைத்தது போலத் தங்கள் வலது கைகளின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். வந்தவன் வரிசை முழுக்க நடந்து போனான். இடது கைகள் ஒழுக்கமாக வேலை செய்தன. அவன் கண்கலங்கி, "என்ன கட்டுப்பாடு!" என்று வாய்விட்டே சொன்னான்.

இதனால் ஒரு பாவப்பட்ட பாதிரியாரும் மாட்டிக்கொண்டார். பேரம் பேசுவது பாவம் என்று நினைத்தவர் அவர். இரண்டு நாள் எந்தக் கடையிலும் யாரும் அவரிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் பொறுக்கமாட்டாமல், ஒரு வெங்காயத்துக்காகக் கெட்ட வார்த்தை சொல்லிக் கத்திவிட்டு, மன்னிப்புக் கேட்கக் கோயிலுக்கு ஓடினார்.

ஆணையம் தன் தவறைப் புரிந்துகொண்டு ஆட்களுக்குப் பேரப் பயிற்சி கொடுத்தது. அடுத்து வந்தவர்கள் எல்லோரும் ஒரே வசனம் பேசினார்கள். "போன வாரம் வேற கடையில பாதி விலைக்கு வாங்கினேன்!" என்பார்கள். இடுப்பில் கை வைப்பார்கள். நாலு எட்டு நடப்பார்கள். திரும்புவார்கள்.

பக்கத்துக் கடை மிளகாய்க்காரி அபெக்கே வாயைப் பொத்திச் சிரித்தாள். "கூப்பிடாமலே திரும்பி வர்றான் பாருங்கக்கா. எந்தத் தாய் பெத்த வாடிக்கைக்காரன் இவன்? நமக்குக் கோபம்னா, கூப்பிட்டாலும் பாதி தூரம் போய்த்தான் திரும்புவோம். இவனுக்கு நாலு எட்டுதான் மேலிடத்துல அனுமதி போல!"

சிரித்தவள் கடைதான் முதலில் போனது.

ஒரு காலையில் சிவப்புச் சங்கிலி. கூடைகளைச் சுற்றிச் சங்கிலி, குடையைச் சுற்றிச் சங்கிலி, அபெக்கே உட்காரும் முக்காலியையும் சேர்த்துச் சங்கிலி. கூடைக்குள்ளே மிளகாய் வாடிக்கொண்டிருந்தது. அபெக்கே தெருவில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவன்டி வந்தது? வேடக்காரனா?"

"வேடக்காரன் இல்லக்கா. டீச்சர். நம்ம பள்ளிக்கூடத்து டீச்சர். என் கல்யாணத்துக்கு வந்து ஆடினவங்க."

"அவங்களா?"

"ஆணையத்துல கௌரவ வாடிக்கையாளர்னு ஒண்ணு வச்சிருக்காங்களாம். அவங்க தம்பி கடைய மூடினாங்க இல்ல, அதைத் திறந்துவிடுறோம்னு சொல்லி இவங்கள எழுதிக்கிட்டாங்க. அன்னிக்கு வந்தப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்க்கா. என் மிளகாயைப் பத்தி ஒரு கெட்ட வார்த்தை சொல்லல. சொத்தைன்னு சொல்லல, வாடல்னு சொல்லல. விலை சொன்னேன், தலைய ஆட்டினாங்க. நான் என்னடான்னா, பாவம், கோயில்ல புதுசா ஏதோ உபதேசம் கேட்டிருக்காங்கன்னு நினைச்சு இன்னும் ரெண்டு கை அள்ளிப் போட்டேன்."

"சண்டையே போடலையா?"

"எப்படிப் போடுவாங்க? காட்டிக் குடுக்க மனசு வந்துடுதுக்கா. சண்டை போடத்தான் வாய் வரமாட்டேங்குது."

அன்றிலிருந்து சந்தையில் யாரும் யாரையும் நம்பவில்லை. அக்கா தங்கை பேரம் பேசும்போதுகூடக் குரலில் உண்மையான கோபம் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டார்கள். அன்பாக நாலு வார்த்தை பேசினவர்களுக்குச் சரக்கே கொடுக்கவில்லை.

துணிக்குள் கொடுக்கிற பிழைப்பு எத்தனை நாளைக்கு ஓடும்? செகிலோலா வலது கையை மறுபடி அளக்கச் சொல்லிக் கேட்க ஆணையத்துக்கே போனாள். வெறுங்கையோடு பெரியவர்களைப் பார்க்கப் போகக்கூடாது. நல்ல புளிப்பாக, பொடிப்பொடியாக வறுத்த இஜெபு காரி ஒரு பை எடுத்துக்கொண்டாள்.

வாசலில் காவலாளி மறித்தான். "சிவப்புக் கை உள்ள வரக்கூடாது."

"தம்பி, அது என் உடம்போட ஒட்டியிருக்கு."

அவன் யோசித்தான். "அப்ப முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டு வாங்க. உள்ள எதுக்கும் பச்சைக் கையத்தான் நீட்டணும். இது ஆபீஸ் உத்தரவு."

வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இடது கையில் காரிப்பையோடு, செகிலோலா தலைவரின் அறைக்குள் போய் முழங்கால் மடித்து வணங்கினாள். குளிர்சாதனம் உறுமியது. டாக்டர் அடெகொக்கே எழுந்து, மக்கள் தொண்டர் சிரிப்போடு வலது கையை நீட்டினார்.

செகிலோலா அந்தக் கையைப் பார்த்தாள். காவலாளி சொன்னது நினைவுக்கு வந்தது. இது சோதனையாகத்தான் இருக்கும் என்று பட்டது. பையைக் கீழே வைத்துவிட்டு இடது கையை நீட்டினாள்.

தலைவரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"எனக்கே இடது கையா?"

"சார், இதுலதான் பச்சை..."

"என் அப்பா ஊர்ல பட்டத்துக்காரர்! என் வாழ்க்கையில எவளும் எனக்கு இடது கைய நீட்டினது இல்ல!"

"எனக்கும் அதேதான் சார் சொல்றாங்க. என் வாடிக்கைக்காரங்க எல்லாரும்."

"அவங்க சந்தை ஜனங்க. பழகிக்கணும். நான் எப்படிப் பழகிக்க முடியும்?" அவர் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. கண் காரிப்பைமேல் விழுந்ததும் மூச்சு கொஞ்சம் சீரானது. "இது என்ன?"

"உங்களுக்குத்தான் சார். இஜெபு காரி."

அவர் பையை வாங்கி அமுக்கிப் பார்த்தார். தூக்கிப் பார்த்தார். வாயைப் பிரித்து மோந்து பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கொசுறு போட்டீங்களா?" என்றார்.

"இல்ல சார். சட்டப்படி இல்ல சார்."

அவர் முகம் விழுந்துவிட்டது. "ஒரு கைகூட இல்லையா? வீட்டுல கேப்பாங்களே."

"சட்டம்..."

"சட்டம் சந்தைக்குத்தாம்மா. இது ஆபீஸ்." பையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "சரி, உங்க வலது கை விஷயம். திரும்ப அளக்கிறதெல்லாம் நடக்காது, பெட்டி மேல இருக்கிற மரியாதை போயிடும். ஆனா வேற வழி இருக்கு. உங்க வரிசையில யாரு அளவுக்கு மீறிக் குடுக்கிறாங்க, யாரு கேட்டு வாங்கிறாங்க, உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? ரெண்டு மூணு பேர் சொல்லுங்க. கௌரவ வாடிக்கையாளர்னு பதவி. வலது கைக்கும் பச்சை போட்டுடலாம்."

செகிலோலாவின் கண் முன்னால் அல்ஹாஜாவின் வாய்தான் வந்தது. இன்னொண்ணு போடு, இன்னொண்ணு போடு.

"எனக்குக் கண்ணு சரியில்ல சார். குவியலுக்கு அந்தப் பக்கம் யாரு நிக்கிறாங்கன்னே தெரியாது."

"அப்படியா? என் கை மட்டும் எப்படித் தெரிஞ்சது?"

அவள் சந்தைக்குத் திரும்புவதற்குள் கடையின் தகரத்தில் சிவப்புச் சாயத்தால் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். காரணம், அதிகாரியை அவமதித்தது. இடது கையை நீட்டியது என்று கீழே விளக்கமும் இருந்தது. இனி ஒரு புகார் வந்தால் சங்கிலிதான்.

அல்ஹாஜா மறுநாள் வந்து அந்தக் குறியை மேலும் கீழும் பார்த்தாள்.

"சாயத்த நல்லா அடிக்கக்கூடத் தெரியல நாய்களுக்கு. வழியுது பாரு. சரி, என்ன விலை? ஆ! என்னக் கொல்லேன் அதுக்கு! துணியப் போர்த்து, துணியப் போர்த்து. இன்னொண்ணு போடு."

"குறி போட்டதுக்கு அப்புறமுமா அல்ஹாஜா?"

"குறி உன் தகரத்துக்கு. என் வயித்துக்குப் போட்டானா?"

செகிலோலா துணிக்குள் இரண்டு கை போட்டாள். அன்றைக்கு மனசு கொஞ்சம் லேசாக இருந்தது.

ஆணையம் அடுத்து சாப்பாட்டுக்கடைகளுக்குப் போனது. அல்ஹாஜாவின் கடையில் சோற்றுக்கு மேலே ஒரு கரண்டி குழம்பு கேட்காமலே விழும். லாரி ஓட்டுகிறவர்கள் அந்தக் கரண்டிக்காகத்தான் அங்கே வண்டியை நிறுத்துவார்கள். கரண்டியைப் பெட்டியில் அளந்தார்கள். தாராளக் கோளாறு என்றார்கள். அடுப்பைச் சுற்றிச் சங்கிலி போட்டார்கள், குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போதே.

அதன் பிறகு அல்ஹாஜா சந்தைப் பக்கம் வரவில்லை. காலையில் சண்டை இல்லாமல் செகிலோலாவுக்குப் பொழுது விடிந்த மாதிரியே இல்லை. காரியைக் குவித்துவிட்டு, பேருந்து நிலையம் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். போய்ப் பார்க்கலாம் என்று இரண்டு தரம் கிளம்பினாள். சிவப்புக் குறி போட்ட கடைக்காரி, சங்கிலி போட்ட கடைக்காரியைப் பார்க்கப் போனால் அதையே சதி என்று எழுதுவார்கள் என்று அபெக்கே தடுத்துவிட்டாள். அபெக்கே இப்போது செகிலோலாவின் கடை ஓரத்தில் ஒரு தட்டில் மிளகாய் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள், எல்லாம் இடது கையால்.

அவள்தான் செய்தி கொண்டுவந்தாள்.

"அக்கா, அல்ஹாஜா கடையத் திறந்தாச்சு. வாழைக்கா பொரிக்கிற வாசனை பேருந்து நிலையம் முழுக்க வருது."

"அப்பாடா! எப்படித் திறந்தாங்க?"

"அதான் தெரியல. தலைவரே வந்து தன் கையால சங்கிலிய அவுத்தாராம். உக்காந்து சாப்பிட்டுட்டும் போனாராம். குழம்பு ரெண்டு கரண்டி."

அபெக்கே தன் மிளகாயை அடுக்கத் தொடங்கினாள். அடுக்கினதையே கலைத்துக் கலைத்து அடுக்கினாள்.

அல்ஹாஜா மறுநாள் காலையில் வந்தாள். மிளகாய்க் கடைகளைத் தாண்டி, உலர்மீன் கடைகளைத் தாண்டி, யாரையும் திட்டாமல் நடந்து வந்தாள். குவியலுக்கு முன்னால் நின்றாள்.

"நல்லா இருக்கியா ரொத்திமி அம்மா? புள்ள நல்லா இருக்கானா?"

இத்தனை வருஷத்தில் அவள் முதலில் புள்ளையை விசாரித்ததே இல்லை. காரியை விசாரித்துவிட்டுத்தான் புள்ளை.

"நல்லா இருக்கான் அல்ஹாஜா. நீங்க?"

"இருக்கேன். ஒரு கிண்ணம் என்ன?"

செகிலோலா வழக்கம்போல இரண்டு மடங்கு சொன்னாள். சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். அவள் காது, வரப்போகிற ஏச்சுக்காகத் தயாராக இருந்தது. என்னக் கொல்லேன் அதுக்கு. எலி நடந்த காரி. கோழிக் காலு.

"சரி" என்றாள் அல்ஹாஜா.

வரிசை நெடுக வலது கைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அபெக்கே தன் கையின்மேல் உட்கார்ந்துகொண்டு, செகிலோலாவைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினாள். வேண்டாம் அக்கா. பச்சையால போடுங்க.

செகிலோலா கிண்ணத்தைக் குவித்தாள். பையில் கவிழ்த்தாள். அல்ஹாஜா பையின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூடவும் இல்லை, நீட்டவும் இல்லை. அவள் பார்வை செகிலோலாவின் முகத்தில் இல்லை. தகரத்தில் வழிந்து காய்ந்திருந்த சிவப்புக் குறியில் இருந்தது. குறியைப் பார்த்து இரக்கப்பட்டு, இவளை மாட்டிவிடக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறாளா? இல்லை, அடுப்புச் சங்கிலிக்குப் பதிலாக இந்த வாயைத்தான் வாங்கிக்கொண்டு விட்டார்களா? செகிலோலா அந்த முகத்தில் தேடினாள். தெரிந்த முகம்தான், ஆனால் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அவள் வலது கை காரிக் குவியலுக்குள் மணிக்கட்டு வரை புதைந்திருந்தது. எப்போது உள்ளே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. தலைத்துணியை அவிழ்க்கவில்லை. சிவப்பு வளையத்தின்மேல் காரி பொடிப்பொடியாக ஒட்டியிருக்க, கை நிறைய அள்ளி, பைக்கு மேலே எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தாள். விரல் இடுக்கில் காரி கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்திக்கொண்டிருந்தது.

"கேளுங்க அல்ஹாஜா. மண்ணுன்னு சொல்லுங்க, எலி நடந்ததுன்னு சொல்லுங்க, என்னத் திட்டியாவது கொசுறு கேளுங்க."